மாந்தோப்புக் கொட்டகையில் ஒரு திறந்த ஹெரால்டு: வாங்கலாமா, வாங்கினால் எப்படிக் காப்பது?

தருமபுரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு குடும்பத்தின் மாந்தோப்புக் கொட்டகையில் 1960களைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று நிற்கிறது. கூரை இரும்புத் தகடு இல்லை. ரெக்சினில் தைத்து மடக்கும் கூரை. "கம்பெனியிலிருந்து வந்ததே இப்படித்தான், தாத்தா பொன்போலப் பார்த்துக்கொண்டார்" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். பெயின்ட் மங்கியிருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது. வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பராமரிப்பது என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் உங்கள் கேள்வியில் பெயின்டும் இன்ஜினும் இருக்கின்றன, சேசிஸும் (உடலைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) ஆர்.சி. புத்தகமும் (பதிவுச் சான்று) இல்லை. விலையைத் தீர்மானிக்க வேண்டியவை இந்த இரண்டும்தான். இன்ஜினை எந்த வருடத்திலும் இறக்கிப் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அரித்துப்போன இரும்பும் பெயர் மாறாத ஆவணமும் அப்படி அல்ல. பழைய கார் வாங்கியவரை வருடக்கணக்கில் அலைய வைப்பவை அவை.

முதலில் அந்தக் கூரையைப் பார்ப்போம். ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் பெயரில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. மடக்குக் கூரை வகை அங்கே 1960இல் வந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 948 சி.சி. இன்ஜினோடு இதை இங்கே தயாரித்தது. இங்கே பெரும்பாலும் தெருவுக்கு வந்தவை இரும்புக் கூரை போட்ட இரண்டு கதவுக் கார்கள். 1968 வாக்கில் நான்கு கதவுடன் மார்க் 3 வந்தது. ஆகவே நம் ஊரில் திறந்த ஹெரால்டு ஒன்றைக் கண்டால், "இதன் கூரையை யார், எப்போது கழற்றினார்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கழற்றினார்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹெரால்டில் தனிச் சேசிஸ் இருக்கிறது. அதன்மேல் உடல் பகுதிகள் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை. கூரையும் அப்படித்தான். போல்ட்டுகளைக் கழற்றினால் கூரை முழுதாகக் கையோடு வந்துவிடும். எடையைத் தாங்குவது சேசிஸ் என்பதால் கூரை போனாலும் கார் நடுவில் தொய்ந்துவிடாது. இதே வேலையை அம்பாசடரிலோ பழைய ஃபியட்டிலோ செய்தால் கதையே வேறு. அவற்றில் தனிச் சேசிஸ் கிடையாது. உடல்தான் எலும்புக்கூடு, கூரை அதில் ஒரு பாகம். கல்யாண ஊர்வலத்துக்காகக் கூரை அறுக்கப்பட்ட அம்பாசடர்களை இந்தப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பயணம் செய்வதே ஆபத்து. எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் ஹெரால்டின் கூரை எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் உள்ள ரப்பரை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பழைய கூரை உட்கார்ந்திருந்த போல்ட் துளைகள் பட்டி (குழி நிரப்பும் பசை) வைத்து அடைக்கப்பட்டிருந்தால் அது பட்டறையில் பிறந்த திறந்த கார். பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால் இருக்கும் தகட்டிலும் இதே தடயம் தெரியும். கூரையைத் தாங்கும் கூண்டைப் பாருங்கள். தொழிற்சாலைக் கூண்டு தட்டையான பட்டைகளும் ஒழுங்கான மூட்டுகளுமாக, முன் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கி போட்டுக் கச்சிதமாக அமரும். குழாயை வளைத்து வெல்டிங் செய்த கூண்டு, மடக்கும்போதே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டறையில் கழற்றியது என்று தெரிந்தால் வாங்கக் கூடாதா? கார் என்ற அளவில் வாங்கலாம், விலையைக் குறைத்து. சட்டம்தான் இடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி.யில் உடலமைப்பு என்ற இடத்தில் சலூன் (மூடிய கூரை கார்) என்று இருந்து, கொட்டகையில் நிற்பது திறந்த கார் என்றால், பதிவைப் புதுப்பிக்கப் போகும் நாளில் ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டிய கார்களும் இருசக்கர வாகனங்களும் இதில் அடங்கும். நிபந்தனை: மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் வரும். ஆனால் இந்தப் பதிவில் உள்ள காரை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கே.ஆர்.பி. அணைக்குப் போக நினைத்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருப்பது நல்லது. கழற்றிய இரும்புக் கூரை தோப்பில் எங்காவது கோழிக் கூண்டுக்கு மேல் கிடக்கிறதா என்று கேளுங்கள். கிடந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். அந்தத் தகடு திரும்பப் பூட்டப்பட்டால் கார் மறுபடி அசலாகிவிடும்.

ஆவணங்களில் நம் ஊரில் அடிக்கடி வரும் சிக்கல், ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது. தாத்தா இறந்துவிட்டார் என்றால் உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பேரன் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது செல்லாது. வாரிசுச் சான்றிதழ் பெற்று, 31ஆம் படிவம் மூலம் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, மற்ற வாரிசுகளின் சம்மதமும் வாங்கி, அதன்பிறகே உங்கள் பெயருக்கு வர முடியும். இந்த வேலையை விற்பவர் முடித்துத் தரட்டும். அதுவரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வண்டி பெங்களூரில் பதிவானது என்றால் (அத்திப்பள்ளியைத் தாண்டி வந்த பழைய கார்கள் இந்த மாவட்டங்களில் நிறைய உண்டு) அங்கிருந்து 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று வர வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. என்றால் அது கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் நீங்களே தேய்த்துத் துடைத்து, டார்ச் அடித்துப் படித்து, ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். ஓர் எண் மாறினாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது சேசிஸ். இங்கே நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் உள்நாட்டு மேட்டுநிலம்; சென்னைக் கடற்காற்றின் உப்பு இங்கே இல்லை. அறுபது வருடம் இங்கேயே வாழ்ந்த கார் என்றால் இரும்பு பெரும்பாலும் தப்பித்திருக்கும். ஆனால் மாந்தோப்புக் கொட்டகைக்கு மண் தரை. மழைக்காலத்தில் தரையிலிருந்து ஏறும் ஈரம் காரின் அடிவயிற்றில்தான் படியும். எனவே மேலே பார்த்து மயங்காமல் கீழே படுத்துப் பாருங்கள். நடுச் சட்டங்களிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டியதுபோல வரும் குறுக்குச் சட்டங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டம், பின்னால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைச் சுற்றிய பகுதி, டிக்கியைத் தாங்கும் நீட்டங்கள்: துரு முதலில் பிடிப்பது இவற்றைத்தான். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும்; அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். உடல் தகடுகளில் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் உள்ளே பட்டிதான் இருக்கிறது.

திறந்த காருக்கென்றே ஒரு சோதனை உண்டு. கதவுகளை மூடி, கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். பிறகு பக்கச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் சற்றே தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தால் சேசிஸ் வளைந்துகொடுக்கிறது என்று பொருள். ஒரு நுணுக்கம்: ஹெரால்டின் உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய தகட்டு வில்லைகள் வைத்துத்தான் கதவு இடைவெளியைச் சரிசெய்வார்கள். இடைவெளி கோணலாக இருந்தும் ஜாக்கி சோதனையில் கதவு இடிக்கவில்லை என்றால், யாரோ வில்லைகளைத் தப்பாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அது அரை நாள் வேலை. அப்படிப்பட்ட காரைப் பேரம் பேசி வாங்கலாம்.

அடுத்து நான் சொல்லப்போவது ஒன்றை மட்டுமாவது மறக்காதீர்கள். ஹெரால்டின் முன் பானட் இருபக்கக் கொக்கிகளை விடுவித்தால் முழுவதும் முன்னோக்கிச் சாயும். அப்போது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் முழுதாகக் கண்ணெதிரே இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது வெண்கலத்தில் வார்த்த ஒரு சிறு கட்டைக்குள் திருகி அமர்ந்திருக்கும். அதற்கு டிரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழல்கிறது. இந்த இடத்துக்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். நம் ஊர் மெக்கானிக்குகள் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள், பழக்கம் அப்படி. கிரீஸ் உள்ளே காய்ந்து கெட்டியாகி, மரையின் அடிவரை எண்ணெய் இறங்காமல் வழியை அடைத்துவிடும். உள்ளே நீர் தேங்கி, தண்டு வெளியில் தெரியாமல் துருப்பிடித்து மெலியும். ஒரு நாள் மெதுவாக வண்டியைத் திருப்பும்போது தண்டு மரையோடு முறிந்து, சக்கரம் உள்ளே மடிந்துவிடும். வீட்டு வாசலில் நடந்தால் பழுது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நடந்தால் உயிர்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. இரண்டு பக்கமும் தண்டுகளைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தாலோ கீறல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரும் இதே குடும்பத்து முன் அமைப்பு உடையது என்பதால் இங்கிலாந்தில் இந்தப் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள்; வரவழைக்கலாம். புஷ், ஊசி போன்ற எளிய பாகங்களுக்கு ஓசூரே போதும். மோட்டார் தொழிற்சாலைகளுக்கு நுணுக்கமான பாகங்கள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. மாதிரியைக் கையில் கொடுத்தால் அளவு பிசகாமல் வந்துவிடும். மற்ற பழைய உதிரிபாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையும் பெங்களூரு ஜே.சி. ரோடும் இருக்கின்றன.

இன்ஜினில் ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒருவர் கிளட்ச்சை அழுத்தி விடட்டும். நீங்கள் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் ஓடும் கீழ்ப் புல்லியைப் பாருங்கள். கிளட்ச் அழுத்தும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் கிராங்க் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழல்தண்டு) முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது கழன்று விழுந்தால் கிராங்க்கும் பிளாக்கும் சேதமாகும். மற்றபடி புகை, சத்தம் எல்லாம் காசு கொடுத்தால் தீரும். முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது; வண்டி நின்றபிறகே முதல் கியர் விழும் என்றால் அது குறை அல்ல.

பின் சக்கரங்களைப் பின்னாலிருந்து பாருங்கள். ஹெரால்டில் பின்பக்கம் குறுக்காக ஒரே ஒரு பட்டை வில், இரண்டு பக்கமும் தனித்தனியாக ஊசலாடும் அச்சு. வில் தளர்ந்த காரில் சக்கரங்களின் மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வளைவுக்குள் வேகமாக நுழைந்து நடுவில் பிரேக் அழுத்தினால் இந்த அமைப்பு பின்பக்கத்தைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தை உள்ளே மடக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் மென்மையாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் போவதுதான் இந்தக் காரின் முறை. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்பதால் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போதும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும்போதும் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்பே இல்லாமல் போகும். தொப்பூரில் நவீன லாரிகளுக்கே அது நடக்கிறது. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். கொட்டகையில் நெடுநாள் நின்ற கார் என்றால் வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே சாலைக்கு எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் ஏழெட்டு வருடம் கடந்த டயரை மாற்றிவிடுங்கள்.

பராமரிப்பில் இந்த மண்ணுக்கென்றே சில விஷயங்கள் உண்டு. ரேடியேட்டருக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்ட மாவட்டங்கள் இவை. அந்தக் கடின நீரின் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். ஏப்ரல் வெயிலில் இன்ஜின் கொதிக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள்.

பெட்ரோல் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்தே வருகிறது. 1960களின் ரப்பர் இதைத் தாங்காது. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள், பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்; இளகிய ஹோஸிலிருந்து சூடான இன்ஜின்மேல் சொட்டும் பெட்ரோல் காரையே எரித்துவிடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டாங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். வால்வு சீட்டைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. அடுத்தமுறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக இப்போதே கழற்ற வேண்டாம். இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். போன் சார்ஜரோ எல்.இ.டி. விளக்கோ மாட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடக்குக் கூரைக்கு இரண்டே எதிரிகள்: வெயில், ஈரத்தோடு மடக்குவது. நனைந்த கூரையை ஒருபோதும் மடக்காதீர்கள். மடிப்புக்குள் பூசணம் பிடித்துத் தையல் நூல் அழுகிவிடும். நெடுநாள் நிறுத்தும்போது கூரையை விரித்தே வையுங்கள், இல்லையென்றால் ரெக்சின் சுருங்கிக் கொக்கிவரை எட்டாது. பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். இந்தப் பக்கத்துப் புழுதியில் கிரானைட் துகள் உண்டு. ஒரே துடைப்பில் கீறல் விழுந்து ஜன்னல் மங்கிவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவிவிட்டு, மென்மையான ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மடக்கும்போது ஜன்னலுக்கு நடுவே பழைய பருத்தித் துண்டு ஒன்றை வைத்து மடக்குங்கள். கூரை கிழிந்திருந்தால் நல்ல குஷன் கடையில் பழைய கூரையையே அச்சாக வைத்துப் புதிது வெட்டச் சொல்லுங்கள்; பழையதைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

மாமரத்தடியிலும் புளியமரத்தடியிலும் நிறுத்தாதீர்கள். மாம்பூக் காலத்தில் இலையிலிருந்து சொட்டும் பிசுக்கும், அதைத் தேடி வரும் எறும்பும் பெயின்டையும் ரெக்சினையும் கெடுக்கும். காரைத் தார்ப்பாயால் மூடினால் உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். பருத்தித் துணி உறைதான் சரி. மண் தரை என்றால் சிமென்ட் போடுங்கள், முடியாவிட்டால் கனமான பிளாஸ்டிக் விரிப்பாவது போடுங்கள். எலி வயரையும் சீட்டுக்குள் இருக்கும் தேங்காய் நாரையும் தேடி வரும். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பதைவிட நல்ல மருந்து அதற்கு இல்லை. அதே கையோடு இருபது நிமிடம் ஓட்டியும் வாருங்கள். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓட விட்டு அணைப்பது சைலன்ஸருக்குள் தண்ணீரைத் தேக்கும்.

மங்கிய பெயின்டைப் பற்றி: தயவுசெய்து புது பெயின்ட் அடிக்காதீர்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் இன்னும் உடலில் இருந்தால், அது எங்கும் விலைக்கு வாங்க முடியாத ஒன்று. மெதுவாகப் பாலிஷ் போட்டு, மெழுகு பூசி, அப்படியே விடுங்கள். பளபளவென்று புதுப்பித்த கார்கள் ஊருக்கு ஒன்று இருக்கின்றன. தொடாமல் தப்பித்த கார்கள் அரிது. பட்டி எதையும் மறைக்காததால் வாங்குபவருக்கும் அவற்றைத்தான் நம்ப முடிகிறது. அதனால் மங்கிய பெயின்டைக் காட்டி விலையைக் குறைக்காதீர்கள். அது அசல் என்றால் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

இன்ஷூரன்ஸ் போடும்போது ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே நான்கு பக்கமும், அடிப்பகுதியும், எண்களும் தெரியும்படி படங்கள் எடுத்துக் கொடுத்து, நியாயமான தொகையை எழுத வையுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் காரை முன்னதாக ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, ஆயில் பிரஷர் விளக்கு எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதைப் பார்த்துவிட்டு, டிரனியன்களில் சந்தேகம் இருந்தால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.